பள்ளியில் எழுதிய தேர்வு, கல்லூரியில் கழியும் பாடம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மே மாதத்தின் முதல் பாதி ஏ.பி. தேர்வுக் காலம். ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்பதன் சுருக்கம் அது. கல்லூரி முதலாண்டில் படிக்க வேண்டிய கால்குலஸ், உயிரியல், உளவியல், அமெரிக்க வரலாறு போன்ற பாடங்களைப் பள்ளியிலேயே ஓராண்டு படித்துவிட்டு, நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வை மாணவர்கள் எழுதுகிறார்கள். மதிப்பெண் ஒன்றிலிருந்து ஐந்து வரை. மூன்று வாங்கினாலே கல்லூரிப் பாடத்தை முடித்த தகுதி உண்டு என்கிறது தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு. ஆனால் அந்த மூன்றை ஏற்பதா, நான்கு கேட்பதா, ஐந்தே வாங்கினாலும் கிடையாது என்பதா என்று முடிவு செய்வது மாணவர் சேரும் கல்லூரி. ஏற்றுக்கொண்டால் அந்தப் பாடத்துக்கு உரிய கிரெடிட் மாணவரின் கணக்கில் ஏறிவிடும். நம் ஊர் பிளஸ் டூ மதிப்பெண்ணின் வேலை கல்லூரியில் இடம் வாங்கித் தருவதோடு முடிந்துவிடுகிறது. அங்கே பள்ளிக் காலத்து மதிப்பெண் பட்டப்படிப்பின் ஒரு பகுதியையே கழித்துவிடுகிறது. நியூ ஜெர்சியிலும் டெக்ஸாசிலும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்களில் “எத்தனை ஏ.பி. எடுக்கிறாள்?” என்ற கேள்வி அடிக்கடி எழுவதற்கு, கல்லூரிச் சேர்க்கையோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இந்த ஏற்பாடு இன்று அங்கே பல பக்கமிருந்தும் கேள்விக்கு உள்ளாகிறது. கேள்விகளில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், படித்ததைப் பொதுத்தேர்வில் நிரூபித்துவிட்ட மாணவருக்குக் கிரெடிட் தருவதே முறை, மறுக்க நினைக்கும் கல்லூரிதான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்பதே சான்றுகளைப் பார்க்கும்போது சரியாகப் படுகிறது.

தொடக்கத்தில் இது ஏழைகளுக்கான திட்டமாக இருக்கவில்லை. 1950-களின் முற்பகுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் பண உதவியோடு இரண்டு ஆய்வுகள் நடந்தன. ஒன்றில் ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்ற மூன்று தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசின. இன்னொன்றைக் கென்யன் கல்லூரியின் தலைவர் கார்டன் சால்மர்ஸ் முன்னின்று நடத்தினார். நல்ல பள்ளியில் கடைசி இரண்டு ஆண்டு படித்ததையே பிள்ளைகள் கல்லூரியின் முதல் ஆண்டுகளில் மறுபடி படிக்கிறார்கள், காலம் வீணாகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தது. 1955-ல் காலேஜ் போர்டு பொறுப்பை ஏற்றது. அடுத்த ஆண்டு மே மாதத்துத் தேர்வை 104 பள்ளிகளிலிருந்து சுமார் 1,200 பேர் எழுதினார்கள். இன்று பொதுப் பள்ளிகளில் படித்து முடிப்பவர்களில் மூன்றில் ஒருவராவது ஒரு ஏ.பி. தேர்வேனும் எழுதியிருக்கிறார், ஐந்தில் ஒருவர் ஏதாவது ஒன்றிலாவது மூன்றோ அதற்கு மேலோ வாங்கியிருக்கிறார். உயர்தட்டுப் பள்ளிகளுக்கென்று பிறந்த ஏற்பாடு மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேரும் சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதன் பயனை எடைபோட வேண்டிய இடமும் அதுதான்.

பணக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். ஒரு பருவத்துக்கு 15 வீதம் எட்டுப் பருவம், நான்கு ஆண்டு. ஒரு பருவத்துப் பாடத்துக்கு மூன்று அல்லது நான்கு கிரெடிட் கிடைக்கும். ஆக, நான்கைந்து ஏ.பி. தேர்வுகளின் கிரெடிட்டைக் கல்லூரி ஏற்றுக்கொண்டால் ஒரு பருவம் முழுவதும் கழிந்துவிடும். சொந்த மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 டாலர் அளவில் இருக்கிறது. இருக்க இடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. ஏ.பி. தேர்வுக் கட்டணமோ ஒன்றுக்கு 100 டாலரை ஒட்டி. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகையும் உண்டு. கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பருவம் குறைவது என்றால் கடனில் ஒரு பகுதி குறைகிறது, சம்பாதிக்கத் தொடங்கும் நாளும் முன்னால் வருகிறது.

ஆனால் ஏ.பி. எழுதுபவர்கள் இயல்பிலேயே நன்றாகப் படிக்கக்கூடியவர்கள். அவர்கள் பட்டத்தைச் சீக்கிரம் முடித்தால் அதைத் தேர்வின் கணக்கில் எழுதுவது எப்படிச் சரியாகும்? இந்தக் கேள்விக்கு விடை காண ஜோனதன் ஸ்மித், மைக்கேல் ஹர்விட்ஸ், கிறிஸ்டோபர் ஏவரி ஆகியோர் ஒரு வழி கண்டார்கள். ஒன்று முதல் ஐந்து வரையிலான மதிப்பெண்ணுக்குப் பின்னால், மாணவருக்குக் காட்டப்படாத விரிவான மொத்தப் புள்ளி ஒன்று இருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு ஒரு புள்ளி கீழே நின்றவருக்கு இரண்டு, ஒரு புள்ளி மேலே நின்றவருக்கு மூன்று. திறமையில் இந்த இருவருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இருக்க முடியாது; ஆனால் ஒருவருக்குக் கிரெடிட் உண்டு, மற்றவருக்கு இல்லை. இப்படிக் கோட்டின் இரு பக்கமும் நின்றவர்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், கிரெடிட் கிடைத்த பக்கத்தில் இருந்தவர்கள் நான்கு ஆண்டுக்குள் பட்டம் முடிக்கும் வாய்ப்பு ஒரு தேர்வுக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதப் புள்ளி கூடியிருந்தது. 2017-ல் வெளியான ஆய்வு இது. ஆய்வாளர்களில் காலேஜ் போர்டைச் சேர்ந்தவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முறையில் ஒளிவு இல்லை. எண் சிறியதாகத் தோன்றலாம். ஒரு தேர்வின் ஒரு புள்ளி வேறுபாட்டிலிருந்து மட்டுமே வந்த பலன் அது என்பதை நினைத்தால் சிறியது என்று சொல்லத் தோன்றாது.

பணத்தைவிடப் பெரிய பயன் ஒன்று இருக்கிறது. இந்தத் தேர்வு, பள்ளியின் பெயரைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. கால்குலஸ் ஏ.பி. (AB) என்ற தேர்வை எடுத்துக்கொள்வோம் (பாடத்தின் பெயரிலேயே ஏ, பி என்ற எழுத்துகள் வருவதால் குழப்பம்தான், இதைவிடக் கடினமானது கால்குலஸ் பி.சி.). ஒன்றே முக்கால் மணி நேரத்தில் 45 கொள்குறி வினாக்கள். அதன்பின் ஒன்றரை மணி நேரத்தில் ஆறு பெரிய கணக்குகள். ஒவ்வொரு கணக்குக்கும் ஒன்பது புள்ளி. ஜூன் மாதத்தில் கல்லூரிப் பேராசிரியர்களும் அனுபவமுள்ள பள்ளி ஆசிரியர்களும் அவற்றைப் படிப்படியாகத் திருத்துகிறார்கள்: தொகையீட்டை அமைத்ததற்கு ஒரு புள்ளி, எல்லைகளைச் சரியாக எழுதியதற்கு ஒன்று, விடைக்கு ஒன்று என்று. எழுதியவர் யார், எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது திருத்துபவருக்குத் தெரியாது. பேர்பெற்ற தனியார் பள்ளியில் ஒருவர் வாங்கும் ‘ஏ’ கிரேடைக் கல்லூரிகள் நம்புகின்றன. ஏழைகள் வாழும் பகுதியின் பள்ளி தரும் ‘ஏ’ கிரேடைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன. அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லப் பின்தங்கிய பள்ளியின் பிள்ளையிடம் வேறு கருவி அதிகம் இல்லை.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் 1982-ல் நடந்ததை இங்கே நினைக்க வேண்டும். மெக்சிகோவிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. பொலிவியாவில் பிறந்த ஹைமே எஸ்கலாண்டே அங்கே கணித ஆசிரியர். அந்த ஆண்டு அவரிடம் படித்த 18 பேர் கால்குலஸ் தேர்வு எழுதி, அத்தனை பேரும் தேறினார்கள். 14 பேரின் தாள்களில் ஒரே மாதிரியான பிழைகள் இருப்பதாகத் தேர்வு நிறுவனம் ஐயம் எழுப்பியது. அவர்களில் 12 பேர் கோடை விடுமுறையில் புதிய வினாத்தாளில் மறுபடி தேர்வு எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் தேறினார்கள். 1988-ல் இது திரைப்படமாகவும் வந்தது. படத்தில் ஆசிரியரின் வீரம்தான் முன்னால் நிற்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது தாள். ஒரே மாதிரியான பிழைகள் ஒரு கூட்டத்தின் மேல் சந்தேகத்தை ஏற்றியபோது, அதைத் தீர்த்து வைத்தது அதே தேர்வுதான். இவ்வளவு கடும் சோதனையைத் தாண்டி வந்த மதிப்பெண்ணை ஒரு கல்லூரி ‘பள்ளிப் படிப்புதானே’ என்று ஒதுக்கினால் அது அறிவுக்குத் தரும் மரியாதை ஆகாது.

எதிர்த்துச் சொல்பவர்கள் முதலில் எடுப்பது டார்ட்மத் கல்லூரியின் கதையை. அங்கே உளவியல் துறை, ஏ.பி. உளவியலில் ஐந்து வாங்கி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தன் அறிமுகப் பாடத்தின் இறுதித் தேர்வைச் சுருக்கி வைத்தது. 90 சதவீதம் பேர் தோற்றார்கள். 2014-ல் சேர்ந்தவர்கள் முதல் ஏ.பி.க்குப் பட்டத்துக்கான கிரெடிட் இல்லை என்று கல்லூரி அறிவித்தது. கேட்டவுடன் வாயடைக்க வைக்கும் செய்திதான். ஆனால் இந்தச் சோதனையில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. அதே அறிமுகப் பாடத்தை டார்ட்மத்திலேயே படித்துத் தேறியவர்களுக்குச் சில மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் அதே தேர்வை வைத்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்? அது தெரியாமல் 90 என்ற எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. மேலும் உண்மையான கேள்வி, அறிமுகப் பாடத்தை வரிக்கு வரி நினைவு வைத்திருக்கிறாரா என்பதல்ல; அடுத்த பாடத்தைத் தாங்குவாரா என்பது. கால்டெக் போன்ற நிறுவனங்கள் கிரெடிட் தராமல், தாங்களே தேர்வு வைத்து மாணவரைத் தகுந்த வகுப்பில் உட்கார்த்துகின்றன. அவற்றின் முதலாண்டுப் பாடம் மற்ற இடங்களைவிட உண்மையிலேயே கடினம் என்பதால் அதை ஒப்புக்கொள்ளலாம். ஆயிரம் பேரை ஒரே அரங்கில் உட்காரவைத்து அறிமுகப் பாடம் நடத்தும் பெரிய பல்கலைக்கழகத்துக்கு அந்த வாதம் பொருந்தாது.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது; இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அண்மை ஆண்டுகளில் காலேஜ் போர்டு மதிப்பெண் எல்லைகளை மாற்றி அமைத்தது. ஆங்கில இலக்கியத்தில் மூன்றும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் 2021-ல் சுமார் 44 சதவீதம். மறு ஆண்டே 78 சதவீதம். அமெரிக்க வரலாற்றில் 2023-ல் சுமார் 48 சதவீதமாக இருந்தது 2024-ல் 72 சதவீதமாயிற்று. ஓராண்டில் பிள்ளைகள் இவ்வளவு முன்னேறிவிட மாட்டார்கள். இதே பாடங்களில் கல்லூரிகள் தங்கள் மாணவர்களுக்குத் தரும் கிரேடோடு ஒப்பிட்டால் தங்கள் மதிப்பீடு தேவைக்கு மேல் கண்டிப்பாக இருந்தது, அதைச் சரிசெய்தோம் என்பது போர்டின் விளக்கம். விளக்கத்தில் உண்மை இருக்கலாம். கல்லூரிகளிலும் கிரேடுகள் தாராளமாகிவிட்டன என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் தேர்வுக் கட்டணத்தில் வாழும் அமைப்பு தன் தேர்வு எளிதாகவில்லை என்று தானே சான்றிதழ் தருவதை அப்படியே ஏற்க முடியாது. அதற்காக மதிப்பெண்ணையே தூக்கி எறிவதும் பொருந்தாது. போர்டின் வார்த்தையை நம்பாத கல்லூரிக்குத் தானே சரிபார்க்கும் வழி கைவசம் இருக்கிறது.

மூன்றாவது, சமத்துவம். ஏ.பி. வகுப்பே இல்லாத கிராமப் பள்ளிகளும் நகர்ப்புறப் பள்ளிகளும் இன்னும் இருக்கின்றன. 1999-ல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே இங்கிள்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கலிஃபோர்னியா மாநிலத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். தங்கள் பள்ளியில் கணிதத்திலும் அறிவியலிலும் ஒரு ஏ.பி. வகுப்புகூட இல்லை, சற்றுத் தொலைவில் பெவர்லி ஹில்ஸ் பள்ளியில் வரிசையாக இருக்கின்றன என்பது அவர்கள் புகார். இதை வைத்துக் கிரெடிட்டையே நிறுத்து என்பவர்கள் உண்டு. அந்த இங்கிள்வுட் பிள்ளைகள் நிறுத்தச் சொல்லவில்லை. எங்களுக்கும் கொடு என்றுதான் கேட்டார்கள். கிரெடிட்டை நிறுத்தினால் பெவர்லி ஹில்ஸ் பிள்ளைக்கு இழப்பு பெரிதல்ல, எட்டுப் பருவத்துக்கும் கட்டணம் கட்ட வீட்டில் பணம் இருக்கிறது. கார்ஃபீல்டு போன்ற பள்ளியிலிருந்து வருபவருக்குத்தான் அடி விழும்.

மாநிலங்கள் சில, கிரெடிட் பிரச்சினையைச் சட்டத்தின் மூலம் கையில் எடுத்திருக்கின்றன. இல்லினாய் 2015-ல் சட்டம் இயற்றி, பொதுப் பல்கலைக்கழகங்கள் மூன்றுக்கும் அதற்கு மேலும் கிரெடிட் தந்தே ஆக வேண்டும் என்றது. ஆனால் அந்தக் கிரெடிட் முதன்மைப் பாடத்தில் கழியுமா, விருப்பப் பாடக் கணக்கில் மட்டும் சேருமா என்பதைப் பல்கலைக்கழகத்திடமே விட்டுவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும் ஏறக்குறைய இதே நிலை: மூன்று வாங்கினால் பட்டத்துக்கான அலகு உண்டு, எந்த வகுப்பைத் தாண்டலாம் என்பதை அந்தந்த வளாகத்தின் துறைதான் சொல்லும். பெற்றோரும் பிள்ளைகளும் ஏமாறும் இடம் இது. முப்பது கிரெடிட்டோடு வந்த மாணவி, பொறியியலுக்கு வேண்டிய கணிதமும் இயற்பியலும் வரிசைப்படி அப்படியே காத்திருப்பதைப் பார்க்கிறாள். கையில் இருப்பது எங்கும் செலவாகாத கிரெடிட். மருத்துவம் படிக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: உயிரியலையும் வேதியியலையும் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் மருத்துவக் கல்லூரிகள் பல. சேரும் முன்பே கல்லூரியின் ஏ.பி. பட்டியலைத் துறைவாரியாகப் படித்துப் பார்ப்பதைவிட வேறு வழி மாணவருக்கு இன்று இல்லை.

டெக்ஸாஸ் அதே 2015-ல் இயற்றிய சட்டத்தில் நல்ல பிரிவு ஒன்று இருக்கிறது. முதல்நிலைப் பாடத்துக்கு மூன்றுக்கு மேல் கேட்கக் கூடாது. கேட்பதென்றால், அதைவிடக் குறைந்த மதிப்பெண்ணோடு வருபவர் அடுத்த பாடத்தில் தேற மாட்டார் என்பதற்குக் கல்லூரியின் கல்விப் பொறுப்பாளர் சான்றின் அடிப்படையில் முடிவு செய்திருக்க வேண்டும். காரணம் காட்டும் கடமை மாணவரிடமிருந்து கல்லூரிக்கு மாறுகிறது. அந்தச் சான்றைத் தேடி எங்கும் அலைய வேண்டியதும் இல்லை. ஏ.பி. மூன்றோடு நேரே இரண்டாம் கால்குலஸ் வகுப்புக்குப் போனவர் என்ன கிரேடு வாங்கினார், நான்கோடு போனவர் என்ன வாங்கினார், முதல் கால்குலஸைக் கல்லூரியிலேயே படித்துவிட்டுப் போனவர் என்ன வாங்கினார் என்பதெல்லாம் ஒவ்வொரு பல்கலைக்கழகப் பதிவாளரின் கணினியிலும் ஏற்கெனவே கிடக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு, ஆண்டுதோறும் துறைவாரியாக அதை வெளியிடச் சொல்லி எல்லா மாநிலங்களும் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கலாம். டார்ட்மத் சரியா, போர்டு சரியா என்பதையும் அந்த எண்களே சொல்லும்.