கொழுத்த ஈரல் – 9: எடுத்தால் ஒன்றுமில்லை, மாற்றினால் வம்பு

பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் 1949இல் தானாகவே தோன்றிய குண்டெலி, அதற்கு இல்லாமற்போன லெப்டின், அதை 1994இல் கண்டுபிடித்த ஃப்ரீட்மன். எல்லாம் சொல்லியாயிற்று. இதழை எடைக்குப் போட்டவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளவும்.

இந்த வாரம் செம்பனை எண்ணெய் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ரெம்பாவிலிருந்து ஒரு பெரியவர் அழைத்துவிட்டார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், ஆள் ஒல்லி. "கள்ளுக்கடைப் பக்கம் தலைவச்சுப் படுத்ததில்ல தம்பி. ஸ்கேன் எடுத்தா ஈரல்ல கொழுப்புங்கறாங்க. வீட்ல எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க!" செம்பனை காத்திருக்கட்டும், ஐயாவின் மானம் முக்கியம்.

பிஎன்பிஎல்ஏ3 என்றொரு மரபணு. 2008இல் டாலஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் குழு இதைப் பிடித்தது. இதன் புரதத்தில் 148ஆம் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதில் மெத்தியோனின் இருப்பவர்களுக்கு ஈரலில் கொழுப்பு கூடுதல். குடிக்காதவர்களுக்கும்தான். மலாயாப் பல்கலைக்கழகக் குழு 2012இல் நம் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரிடமும் இந்த மாற்றத்துக்கும் நோய்க்கும் தொடர்பு கண்டது.

புரதம் முடங்கியதால் கொழுப்பு சேர்கிறது என்றுதானே தோன்றும்? சோதிக்க, எலியிடமிருந்து அந்த மரபணுவையே நீக்கினார்கள். 2010இல் ஒரு குழு, 2011இல் இன்னொரு குழு. எலிக்கு ஒன்றும் ஆகவில்லை! கொழுப்புத் தீனி போட்டும் ஈரலில் வித்தியாசமில்லை. இதை வீட்டில் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

2015இல் ஹாப்ஸ், கோஹன் குழு நீக்காமல் மாற்றிப் பார்த்தது. எலியின் புரதத்திலும் அதே 148ஆம் இடத்தில் மெத்தியோனின். சாதாரணத் தீனியில் எலி நலம். சீனி மிகுந்த தீனி போட்டதும் ஈரலில் கொழுப்பு ஏறியது. கொழுப்புத் துளிகளின் மேல் அந்தப் புரதம் பல மடங்கு அப்பிக் கிடந்தது. கழித்துக்கட்டப்பட வேண்டிய புரதம் கழியாமல் தங்கிவிடுகிறது என்று 2017இல் தெரிந்தது. கிராணி இல்லாத ஆபீசில் யாராவது வேலையைப் பார்த்துவிடுவார்கள். வேலையும் செய்யாமல் நாற்காலியையும் விடாத கிராணி இருந்தால்தான் எல்லாம் தேங்கும். சீனி உள்ளே போனால் இந்த மரபணு இன்னும் முடுக்கிவிடப்படுகிறது.

தீனியை மாற்றி நோயைத் தேடுவது நெகிரி செம்பிலானுக்குப் புதிதல்ல. சிரம்பானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் 1907இல் பெரிபெரி பற்றி நூல் எழுதினார். தீட்டிய அரிசி தின்ற சீனத் தொழிலாளிகளைத் தாக்கிய நோய், புழுங்கலரிசி தின்ற தமிழர்களை விட்டுவிட்டதைக் கவனித்தவர் அவர். காரணத்தைத் தப்பாகத்தான் கணித்தார். பிறகு ஃப்ரேசரும் ஸ்டான்டனும் ஜெலுபுவில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தீட்டிய அரிசி, மறு பாதிக்குப் புழுங்கலரிசி போட்டுப் பார்த்தார்கள். எலிக்கூண்டில் நடக்கவேண்டியது ஆட்களிடம் நடந்தது.

ஐயாவுக்கு வருவோம். குடிக்காமலும் வரும், ஒல்லியானவருக்கும் வரும். வீட்டில் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். உங்கள் மரபணுவை மாற்ற முடியாது, தேத்தண்ணியை மாற்றலாம். கெட்டிப்பாலும் சீனியும் வேண்டாம், 'தே ஓ கோசோங்' கேளுங்கள். டாக்டர் கொடுத்த தேதியையும் விட்டுவிடாதீர்கள்.

செம்பனை அடுத்த வாரம். 1998இல் உருவாக்கிய ஓர் எலி, உடம்பில் வெள்ளைக் கொழுப்பே இல்லாமல் ஈரல் மட்டும் கொழுத்தது, அது குறுக்கே வராமலிருந்தால்.