உயரம் ஏற ஏற மலரும் முறை

பத்ரிநாத்திலும் கேதாரத்திலும் இறைவனுக்குச் சாத்தப்படும் பிரம்மகமலம் வேறு; நம் வீட்டுத் தொட்டிகளில் நள்ளிரவில் மலரும் அதே பெயருடைய பூ வேறு. தொட்டிப் பூ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளியினம். இமயத்துப் பிரம்மகமலமோ சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 12,000 அடிக்கு மேல் வளர்வது. அதனைப் பறிப்பதால் என்ன நேர்கிறது என்று அறிய, மலைச் செடிகள் தம் இனத்தைப் பெருக்கும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும்.

தாழ்ந்த சரிவுகளில் அவசரமில்லை. கார்வாலில் 5,000 அடிக்கு மேல் செக்கச்செவேலெனப் பூக்கும் புரான்ஷ் மரம் (நீலகிரியின் காட்டுப்பூவரசு இதற்கு நெருங்கிய உறவு) வேனில் தொடங்குமுன்பே மலர்கிறது. தேனுண்ண வரும் பறவைகள் மகரந்தத்தைச் சுமக்கின்றன. விதை முற்றப் பல மாதங்கள் உண்டு.

மரங்களின் எல்லையைக் கடந்தாலோ, பனி உருகி மீண்டும் விழுவதற்குள் கிடைக்கும் சில மாதங்களில் பூத்துக் காய்த்தாக வேண்டும். தேனீக்கள் குறைந்து ஈக்களின் பங்கு மிகுகிறது. ஆதலால் பல செடிகள் அடுத்த ஆண்டுக்கான மொட்டுக்களை முந்தின ஆண்டிலேயே உருவாக்கி வைத்துக்கொள்கின்றன.

சிக்கிமில் 13,000 அடிக்கு மேல் ‘ரியம் நோபிலே’ என்றொரு செடி உண்டு. பல ஆண்டுகள் தரையோடு தரையாய் இலை பரப்பியிருந்து, ஒரே ஒரு முறை ஆளுயரத்திற்கு எழுந்து பூத்து மடிகிறது. வெளிர்மஞ்சள் நிறச் செதில்கள் பூக்களைக் கூரை போல் மூடுகின்றன. அவை வெளிச்சத்தை விட்டுப் புறஊதாக் கதிரைத் தடுக்கின்றன, மழையையும் தடுக்கின்றன. உள்ளே கதகதப்பு! அங்கு வரும் சிறு ஈக்கள் மகரந்தம் சேர்த்து, முட்டையும் இடுகின்றன. அவற்றின் புழுக்கள் சில விதைகளைத் தின்றுவிடும். அதனைக் கூலி என்றே கொள்ளலாம்.

‘பிஸ்டார்ட்டா விவிபாரா’ என்னும் சிறுபூண்டு பூச்சிகளை நம்புவதேயில்லை எனலாம். அதன் கதிரில் மேற்பகுதியில் பூக்கள். கீழ்ப்பகுதியில் சிறு குமிழ்கள். குமிழ் உதிர்ந்து அப்படியே வேர்விடும். விதை உண்டாவது மிக அரிது. ஆனால் வாழைக்கன்று போலப் பிறப்பதெல்லாம் தாயின் மறுபதிப்பே. தட்பவெப்பம் மாறினால் புதிய குணத்துடன் தாக்குப்பிடிக்க வாய்ப்புக் குறைவு.

பிரம்மகமலத்துக்கு அந்தக் குமிழ்களும் இல்லை. காகிதம் போன்ற செதில்களுக்குள் ஊதாநிறப் பூக்களைப் பொதிந்து காத்து, பின்னர் விதைகளைக் காற்றில் விடுவது அதன் வழி. நாம் பறிப்பதோ ஆவணி மாதத்தில், செதில்கள் விரிந்து அழகாயிருக்கும்போது. விதை அப்போது முற்றியிருப்பதில்லை.