நாளைக்கு அம்மாவுக்குக் கண் ஆபரேஷனா?

'சித்திரைத் திருவிழா முடியட்டும்... புரை நல்லா முத்தட்டும்...' என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த அம்மா, ஒருவழியாகச் சம்மதித்துவிட்டாரா? நல்லது. புரை முத்தும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. ரொம்ப முத்தினால் ஆபரேஷன்தான் சிரமமாகும்.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. டாக்டர் ஜி.வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு 1976-ல் இங்கே 11 படுக்கைகளுடன் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகியவர் அவர். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த விலையில் தயாரிக்க 1992-ல் ஆரோலேப் பிறந்ததும் மதுரையில்தான். புரை எடுத்தபின் சோடாபுட்டிக் கண்ணாடியோடு திரிந்த காலம் போயே போச்சு!

சரி, டாக்டர் தன் வேலையைப் பார்த்துக்கொள்வார். உங்கள் வேலை என்ன?

மறைக்காதீங்க!

'இருமல்னு சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்க' என்று பெரியவர்கள் பலர் வாயைத் திறப்பதில்லை. ஆபத்தே இங்கேதான். பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் ஆபரேஷன் நடக்கிறது. ஆள் விழித்திருப்பார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி டாக்டர் நுணுக்கமாக வேலை செய்கையில், ஒரு இருமலில் தலை ஆடினால் என்ன ஆகும்? சளி, இருமல், மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல், கண்ணில் பீளை, உடம்பில் எங்காவது சீழ்ப்புண்... எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப் போனால் குடிமுழுகாது.

மாத்திரைப் பட்டியல்

அப்பாவுக்கு ஆபரேஷனா? சிறுநீர் தாராளமாகப் போக 'டாம்சுலோசின்' சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். சிறுநீர் மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே உண்டு! கண்ணின் பாப்பாவைச் சுற்றியுள்ள திரையை இது தொளதொளக்க வைத்துவிடும். முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். தெரிந்தால் டாக்டர் அதற்கேற்பத் தயாராக இருப்பார்.

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீங்க. வீட்டிலிருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

முதல் நாள்

தலைக்குக் குளிக்கச் செய்யுங்கள். அப்புறம் சில நாட்களுக்குத் தலையில் தண்ணீர் ஊற்ற முடியாது. சொட்டு மருந்து கொடுத்திருந்தால், சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே விடுங்கள். பாட்டில் முனை கண்ணில் படக்கூடாது.

அன்று காலை

கண் மை, பவுடர், தலையில் பூ, எதுவும் வேண்டாம். தோடு, மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பல்செட் இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள்.

காலையில் சாப்பிடலாமா? சொட்டு மருந்தா, ஊசியா, முழு மயக்கமா என்பதைப் பொறுத்து இது மாறும். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர் வெறும் வயிற்றில் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அதையும் சேர்த்துக் கேளுங்கள். எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்பதை உள்ளே போகுமுன் இன்னொரு தரம் சொல்லிச் சரிபார்ப்பது நல்லது.

வீடு திரும்பும்போது

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து வருகிறீர்களா? மறுநாள் செக்கப் உண்டா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். புழுதியும் நெரிசலுமான பஸ்ஸைத் தவிர்க்கலாம். கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர் படக்கூடாது.

லேசான உறுத்தல் சகஜம். ஆனால் வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் நன்றாகச் சிவந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ 'காலையில பார்த்துக்கலாம்' என்று இருக்காதீங்க. கண்ணுக்குள் கிருமி புகுந்திருந்தால் சில மணி நேரத் தாமதம்கூடப் பார்வையைப் பறித்துவிடும். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். அந்த நம்பரை இன்றைக்கே காலண்டரில் பெரிதாக எழுதி வைத்துவிடுங்களேன்!