கரிசல் மண் வீடுகளில் தரை ஓடு விரிசல்

கரிசல் மண்ணில் கட்டப்பட்ட வீடுகளில், அடிமண் ஈரம் ஏறி உப்புவதாலும் காய்ந்து சுருங்குவதாலும் தரை அசைந்து, அதன்மேல் பதித்த ஓடுகள் வெடிப்பது தரை ஓடு விரிசல் எனப்படும். தமிழ்நாட்டில் கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் இச்சிக்கல் பரவலானது. வெடித்த ஓட்டைப் பெயர்த்துவிட்டுப் புதியதைப் பதிப்பதே வழக்கமாக இருப்பினும், ஈரம் வந்த வழியை அறியாமல் செய்யும் அவ்வேலை அடுத்த மழைக்காலம் வரைகூட நிலைப்பதில்லை.

காரணம்

கரிசல் மண்ணில் மொன்ட்மோரில்லோனைட்டு என்னும் களிமண் கனிமம் மிகுதியாக உள்ளது. இதன் நுண்ணிய அடுக்குகளுக்கிடையே நீர் புகும்போது மண் பருக்கிறது. நீர் வெளியேறும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. திறந்த நிலத்தில் இது பருவத்துக்குப் பருவம் நிகழும். வீடு கட்டிய இடத்தில் மண்ணின் மேற்பரப்பு மூடப்படுவதால் ஆவியாதல் தடைப்பட்டு, நடுப்பகுதியில் ஈரம் மெல்ல மெல்லச் சேர்கிறது. சுவரோர மண்ணோ வெளியிலுள்ள வெயிலையும் மழையையும் பின்பற்றுகிறது. எனவே ஒரே அறையின் நடுவும் ஓரமும் வெவ்வேறு அளவில் அசைகின்றன. ஓடு வளையாது, உடையும்.

சுவர்களில் கீறல் இல்லை என்பதால் அடிமண்ணில் குறை இல்லை என்று முடிவு செய்வது பிழையாகும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த, அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற தூண் அடித்தளம் கரிசல் மண்ணுக்கு ஏற்றது. ஆழமான கரிசலில் இது பருவ ஈரமாற்றம் எட்டாத சுமார் 3.5 மீட்டர் ஆழம்வரை இறக்கப்படும். சுவர்கள் இத்தூண்களின் மேல் அசையாமல் நிற்கும்போது, நிரப்பு மண்ணின் மேல் நேரடியாகப் போடப்பட்ட தரை மட்டும் தனியே ஏறி இறங்கக்கூடும்.

விரிசலைக் கண்டறிதல்

முதலில் பார்க்க வேண்டியது விரிசல் செல்லும் வழி. பல ஓடுகளைக் கடந்து தொடர்ந்து ஓடும் கோடு, அடியிலுள்ள காங்கிரீட் பிளந்திருப்பதைக் காட்டும். ஒற்றை ஓட்டின் மூலை மட்டும் உடைந்திருந்தால், அடியில் சாந்து இல்லாத வெற்றிடமும் மேலே விழுந்த பாரமுமே காரணமாகலாம். நாணயத்தால் தட்டும்போது எழும் பொள்ளல் ஒலி பிடிப்பு விட்டதைத் தெரிவிக்கும். ஏன் விட்டது என்பதைத் தெரிவிக்காது.

இரண்டு வரிசை ஓடுகள் கூடாரம்போல் எதிரெதிராகத் தூக்கி நிற்பது பெரும்பாலும் வேறு வகை. இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்த ஓடுகள் வெப்பத்தால் விரிந்து ஒன்றையொன்று தள்ளுவதால் இது ஏற்படுகிறது. 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சாத விட்ரிஃபைடு ஓடுகளை வெறும் சிமெண்டுப் பாலில் பதிக்கும்போது பிடிப்பு குறைவதால், அவை எளிதில் தூக்கிக்கொள்ளும்.

சுவரோர ஸ்கர்ட்டிங் ஓடு நல்ல சாட்சி. அதற்கும் தரைக்கும் இடையே புதிய இடுக்கு தெரிந்தால் தரை தாழ்ந்துள்ளது. நிரப்பு மண்ணைத் திமிசுக் கட்டையால் முறையாக இடிக்காத வீடுகளில், நனைந்த மண் அமுங்குவதால் இவ்வாறு ஆகும். மாறாக, ஸ்கர்ட்டிங் நசுங்கியிருந்தால் தரை உப்பியுள்ளது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் கொண்டு அறையின் நடுவையும் நான்கு மூலைகளையும் அளந்தால் ஐயம் நீங்கும். தரை சமமாகவே போடப்பட்டதா என்பது தெரியாத நிலையில், ஒரு முறை அளப்பது போதாது. விரிசலின் இரு முனைகளிலும் தேதியுடன் பென்சில் குறியிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், கோடையிலும் அளவுகளை ஒப்பிட வேண்டும்.

ஈரத்தின் மூலம்

மழையோடு திறந்து கோடையில் மூடும், அல்லது அதற்கு மாறாக நடந்துகொள்ளும் விரிசல் பருவத்தைச் சார்ந்தது. பருவத்தைப் பொருட்படுத்தாமல் குளியலறை, சமையலறை அருகே மட்டும் வளர்வது குழாய்க் கசிவைச் சுட்டும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டாரையும் நிறுத்தி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால், காலையில் மட்டம் இறங்கியுள்ளதா என்பது தெரியும். கழிவுநீர்க் குழாயின் கசிவை இச்சோதனை காட்டாது. அதன் வெளிமுனையை அடைத்து நீர் நிரப்பிப் பார்க்க வேண்டும்.

காங்கிரீட்டின் ஊடே ஈரம் மேலேறுகிறதா என அறிய, ஓட்டையும் சாந்தையும் நீக்கிய இடத்தில் 18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விடுவர். அடியில் நீர்த்துளி அரும்பினாலோ காங்கிரீட் கருத்தாலோ ஈரம் உள்ளது. ஓட்டின் மேலேயே தாளை ஒட்டுவதால் பயனில்லை. பளபளப்புப் பூச்சு ஈரத்தைத் தடுத்துவிடும்.

பழுது நீக்கல்

கசிவை அடைப்பதும், கூரைநீர் சுவரடியில் விழாமல் குழாயில் கொண்டுசெல்வதும், வீட்டைச் சுற்றி வெளிப்புறமாக வாட்டம் வைத்துத் தளம் போடுவதும் முதல் வேலைகள். சுவரையொட்டிய பெரிய மரத்தை அவசரப்பட்டு வெட்டக் கூடாது. அது உறிஞ்சிவந்த நீர் மண்ணில் தங்கி, தரை மேலும் உப்ப இடமுண்டு. இவற்றுக்குப் பின் ஓராண்டு அளவுகள் மாறாதிருந்தால் ஓடு மாற்றலாம். சுவர்களிலும் படிக்கட்டு வடிவில் விரிசல் ஏறினாலோ கதவுகள் நிலையில் சிக்கினாலோ, ஓராண்டு காத்திராமல் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும்.