ரத்தம் குறைவு, இரும்பு அதிகம்

அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு பிள்ளை வெளுத்துச் சோர்ந்துபோனால், “ரத்தம் கம்மியா இருக்கு, முருங்கைக்கீரை ஆக்கிப் போடு” என்பார்கள். தப்பில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பலருக்கும் காரணம் இரும்புச்சத்துப் பற்றாக்குறைதான்.

தலசீமியாவின் கதை வேறு. அதில் ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவிலேயே கோளாறு. நோய் கடுமையாக இருந்தால் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். சிக்கல் அங்கேதான். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உணவிலிருந்து குடல் ஒரு நாளில் உறிஞ்சுவதோ 1, 2 மில்லிகிராம். மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடலுக்கு வழி கிடையாது. வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள மொத்த இரும்பே 3, 4 கிராம்தான். 20 யூனிட் ஏறினால் அதற்கு மேலேயே சேர்ந்துவிடும்.

சேர்ந்த இரும்பு முதலில் கல்லீரலில் தங்கும். பிறகு கணையத்தைத் தாக்கினால் சர்க்கரை நோய். பிட்யூட்டரியைத் தாக்கினால் பிள்ளை வளராது, பருவமடைவது தள்ளிப்போகும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயத்தில் படியும் இரும்பு.

ஐரோப்பியர்களிடம் பரம்பரையாக வரும் இரும்பு மிகை நோய் உண்டு. அதற்கான மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. அந்த வகை நம்மிடம் அரிது. அவர்களுக்கு ரத்தத்தை எடுத்துவிடுவதே சிகிச்சை. ரத்தமே போதாத தலசீமியா பிள்ளையிடம் எதை எடுப்பது?

ஆகவே இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்துதான் வழி. முதலில் வந்த டெஸ்ஃபெராக்சமைனை, வாரத்தில் ஐந்தாறு இரவுகள், தோலுக்கடியில் ஊசி குத்தி மணிக்கணக்கில் பம்ப் மூலம் செலுத்த வேண்டும். எத்தனை வீடுகளில் இது நடக்கும்? வாயால் விழுங்கும் டெஃபெரிப்ரோன் மாத்திரைக்கு 1990-களின் நடுவிலேயே இந்தியா அனுமதி தந்துவிட்டது. சிப்லா நிறுவனம் அதைக் ‘கெல்ஃபர்’ என்று விற்றது. அமெரிக்கா அனுமதித்தது 2011-இல்தான். வெள்ளையணுக்களைக் குறைத்துவிடும் ஆபத்து இருப்பதால், அதைச் சாப்பிடுபவர்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கர்ப்பிணிகள் அரசு தரும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் டானிக் குடித்தும் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் ஏறவில்லையென்றால், அடுத்த பாட்டிலை வாங்குமுன், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் தலசீமியாவுக்கான ஹீமோகுளோபின் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள்.