கார்ட்டர் கொண்ட சமயம்

அரசியல் தலைவர் ஒருவர் ஆழ்ந்த சமயப்பற்று உடையவராக இருப்பது நாட்டுக்கு நன்மையா, தீமையா? இக்கேள்வியை ஆராய, அமெரிக்காவின் 39-ஆவது குடியரசுத் தலைவராக விளங்கிய ஜிம்மி கார்ட்டரின் வாழ்வை எடுத்துக்கொள்கிறேன்.

1924-இல் ஜார்ஜியா மாநிலத்தின் பிளெயின்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். கடற்படையில் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் திட்டத்தில் பணியாற்றினார். தந்தையார் மறைந்தபின் ஊர் திரும்பி வேர்க்கடலை வாணிபம் செய்தார். பாப்டிஸ்டு சபையினரான அவர், 90 வயது கடந்த பின்னும் ஞாயிறு பள்ளியில் விவிலியப் பாடம் சொல்லி வந்தார்.

அவருடைய பற்று தம் சபையையே எதிர்க்கும் துணிவை அவருக்குத் தந்தது. 1965-இல் கறுப்பின மக்களைத் தேவாலயத்துள் விடலாகாது என்னும் தீர்மானம் வந்தபோது, எழுந்து மறுத்துப் பேசினார். வாக்கெடுப்பில் தோற்றார், கொள்கையை விட்டாரில்லை. பெண்கள் போதகராகக் கூடாது எனத் தெற்கு பாப்டிஸ்டுப் பேரவை வகுத்தபோது, 2000-இல் அதனோடு உறவை முறித்துக்கொண்டார்.

தம் நம்பிக்கையைச் சட்டமாக்கிப் பிறர்மேல் சுமத்தவும் அவர் விரும்பவில்லை. கருக்கலைப்பை அவர் மனம் ஒப்பவில்லை. ஆயினும் அதற்கு உரிமை வழங்கிய 1973-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மாற்ற, அரசியல் சட்டத்தைத் திருத்த இசையவில்லை. சமயமும் அரசும் தனித்து நிற்கவேண்டும் என்பது பாப்டிஸ்டு மரபின் பழங்கொள்கை அன்றோ!

1978 செப்டம்பரில் யூதரான பெகினையும் முஸ்லிமான சதாத்தையும் கேம்ப் டேவிட்டில் 13 நாள் வைத்துப் பேசினார். எல்லாச் சமயத்தாரும் அமைதிக்காக வேண்டுமாறு மூவரும் சேர்ந்து அறிக்கை விடுத்தனர். மறு ஆண்டே எகிப்தும் இஸ்ரேலும் உடன்படிக்கை செய்துகொண்டன. பாலஸ்தீனர் துயரம் மட்டும் தீரவில்லை.

1980-இல் அவர் தோற்றார். விலைவாசி உயர்வும் ஈரான் பிணைக்கைதிச் சிக்கலும் பெருங்காரணங்கள். முன்பு அவரை ஆதரித்த கிறித்தவர் பலர், தம் கொள்கைகளை அரசு வழியே நிறைவேற்றுவார் என நம்பி ரீகன் பக்கம் சாய்ந்ததும் ஒரு காரணம்.

விஞ்ஞான மாணவனாகிய என்னைப் பெரிதும் கவர்வது பதவிக்குப் பின் அவர் ஆற்றிய தொண்டு. 1982-இல் மனைவி ரோசலினுடன் கார்ட்டர் மையத்தை நிறுவினார். நரம்புச் சிலந்தி நோய்க்கு மருந்துமில்லை, தடுப்பூசியுமில்லை. குடிநீரைத் துணியால் வடிகட்ட மக்களுக்குக் கற்பிப்பதே தலையாய வழி. 1986-இல் ஏறத்தாழ 35 இலட்சம் பேரை வருத்திய அந்நோய், பல அரசுகளும் உலகச் சுகாதார நிறுவனமும் அம்மையமும் சேர்ந்து உழைத்ததால், அவர் மறைந்த 2024-இல் 15 பேரிடமே காணப்பட்டது. நம் நாடு 2000-இல் விடுதலைச் சான்று பெற்றது.

பல சமயத்தார் ஒரே விடுதியில் உண்டு உறங்கும் நாம், தலைவர்களை ஒரே கேள்வியால் அளக்கலாம்: அவர் சமயம் யாரைக் கட்டுப்படுத்துகிறது, அவரையா, பிறரையா? கார்ட்டர் தம்மையே கட்டினார். அத்தகைய சமயப்பற்றைக் கண்டு எந்த நாடும் அஞ்ச வேண்டியதில்லை.