ஆராய்ச்சிக்கான எதிர்பொருளும் நோயாளியின் ரத்தமும்

மனித ரத்தத்தில் உள்ள நோயெதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினைக் கண்டறியும் எதிர்பொருள் (antibody) பெரும்பாலும் ஆடு, முயல் போன்ற விலங்குகளிடமிருந்து பெறப்படுகிறது. இம்யூனோகுளோபுலின் வகைகளில் ஒன்றான மனிதனின் ஐஜிஜி (IgG) புரதத்தை ஆட்டுக்கு ஊசி மூலம் செலுத்தினால், ஆட்டின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்பொருளைச் சுரக்கும். அதைப் பிரித்தெடுத்து, நிறம் உண்டாக்கும் நொதி ஒன்றை இணைத்துக் குப்பியில் அடைக்கிறார்கள். எலிசா (ELISA) என்ற பரிசோதனைக்கான தட்டில் நோயாளியின் ஐஜிஜி ஒட்டியிருந்தால், இந்த எதிர்பொருள் அதைப் பற்றிக்கொண்டு நிறத்தால் காட்டிக்கொடுக்கும்.

இவற்றில் பல 'ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற அறிவிப்போடு விற்கப்படுகின்றன. அதைச் சம்பிரதாய வாசகமாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது. நோயாளிகளின் மாதிரிகளில் எத்தனை முறை சரியாகச் சொல்லும், எத்தனை முறை தவறும் என்று சோதித்து, நோயறிதலுக்கு அனுமதி வாங்கிய பொருள் அல்ல அது. ஐஜிஜியை மட்டும் தேட வேண்டியது ஐஜிஎம் (IgM) என்ற வேறொரு வகையையும் பற்றிக்கொள்ளலாம்; தொகுதிக்குத் தொகுதி வீரியமும் மாறலாம். ஆராய்ச்சியாளருக்கு இதனால் ஒரு சோதனை வீணாகும். நோயறிதலுக்கு இதைப் பயன்படுத்தினாலோ, நோயாளி தேவையற்ற மருந்தை மாதக்கணக்கில் விழுங்க நேரலாம்.

எதிர்பொருள் தரமானதாகவே இருந்தாலும் சோதனையின் அடிப்படை பிழையானால் பயனில்லை. காசநோய்க்கு இந்தியத் தனியார் ஆய்வகங்கள் பரவலாகச் செய்துவந்த ஐஜிஜி, ஐஜிஎம் ரத்தப் பரிசோதனைகளைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2011இல் அறிவுறுத்தியது. 2012 ஜூனில் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது. நோயில்லாதவர்களையும் நோயாளிகள் என்றன, நோயாளிகளையும் தவறவிட்டன என்பதே காரணம். காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். உணவுக்கான ஐஜிஜி பரிசோதனைகளும் இத்தகைய எச்சரிக்கைக்கு உரியவை. அந்த உணவை உடல் சந்தித்திருக்கிறது என்பதைத்தான் அவை காட்டும், ஒவ்வாமையை அல்ல. அதை நம்பிக் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்துவது கொடுமை.

குப்பியைக் கையாளும் ஊழியருக்கும் ஆபத்து உண்டு. கெடாமலிருக்கச் சில குப்பிகளில் சேர்க்கப்படும் சோடியம் அசைடு நச்சு. ஈய, செம்புக் கழிவுக்குழாய்களில் படிந்து வெடிக்கும் சேர்மங்களாகவும் மாறும். பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் குப்பியைத் தொடக் கூடாது.

நோயறியும் சோதனைப் பொருள்கள் 2018 ஜனவரி முதல் மருத்துவக் கருவிகள் விதிகள், 2017இன் கீழ் வருகின்றன. எந்தக் கிட், உரிமம் பெற்றதா என்று ஆய்வகத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம். ஆய்வகங்களின் தரத்தை மதிப்பிடும் என்ஏபிஎல் (NABL) வாரியத்தின் அங்கீகாரம் குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கே தரப்படுவதால், வாசல் பலகையில் உள்ள முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது. ஐயம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி வேறு ஆய்வகத்தில் மறுபரிசோதனை செய்துகொள்ளலாம்.

தவறான முடிவால் பாதிக்கப்பட்டவர், ரசீதும் அறிக்கையும் கையில் இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.